ஆமென் சொல்லாத வாக்கியம்

செப்டம்பர் ஏழாம் தேதி, வியாழக்கிழமை, காலை பதினொன்று பத்து. மேற்கே மலைப்பக்கம் மேகம் கறுத்துக் கிடந்தும் பாளையங்கோட்டைக்குள் ஒரு துளி விழவில்லை. காற்று மட்டும் புழுதியை வாரிக்கொண்டு வந்து ஸ்கேன் சென்டரின் கண்ணாடிக் கதவில் அறைந்துகொண்டிருந்தது. அந்தச் சத்தம் எட்டாத உள்ளறையில், முகத்தின் மேல் வெள்ளைக் கூண்டு பூட்டப்பட்டு, வலது கையில் ஒரு ரப்பர் பந்து திணிக்கப்பட்டு, ஹெப்சிபா டீச்சர் மல்லாந்து படுத்தபடி மெல்ல மெல்லக் குழாய்க்குள் போய்க்கொண்டிருந்தாள். "அசையக் கூடாதும்மா. எச்சில் முழுங்குறதுகூட மெதுவாத்தான். நாப்பது நிமிஷம். ரொம்ப முடியலன்னா மட்டும் பந்தை அமுக்குங்க. ஆனா அமுக்கிட்டா திரும்ப மொதல்ல இருந்து எடுக்கணும், பாத்துக்கிடுங்க" என்று சொல்லிவிட்டு ஸ்கேன் எடுக்கிற பெண் வெளியே போய்க் கதவைச் சாத்தினாள். நெற்றி உள்ளே போயிற்று, தோள் உள்ளே போயிற்று, மார்பு உள்ளே போகிற அந்த நேரத்தில்தான் ஹெப்சிபாவுக்குத் தன் கழுத்து தெரிந்தது. தாலி கழுத்தில் இல்லை என்பது புதிய செய்தியில்லை. கால் மணி நேரத்துக்கு முன்னால் அவளேதான் கழற்றிக் கொடுத்தாள். தாலியோடு சேர்ந்து இன்னொன்றும் போய்விட்டது என்பதுதான் இப்போது, எழுந்து உட்காரக்கூட முடியாத இந்த இடத்தில், தெரிந்தது.

அந்தப் பெண் மேல் குற்றமில்லை. தோடு, வளையல், மெட்டி, கொண்டை ஊசி, மூக்குக் கண்ணாடி என்று ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கி, லாக்கரில் வைத்துப் பூட்டிச் சாவியைக் காட்டினாள். "தாயத்து, கயிறு, டாலர் எதுவும் உடம்புல இல்லையேம்மா?" என்றும் கேட்டாள். "நாங்க சி.எஸ்.ஐ.ம்மா, அதெல்லாம் கட்டுறதில்ல" என்று ஹெப்சிபா சொன்னாள். யோசித்துச் சொல்லவில்லை, பேர் என்ன என்று கேட்டால் பேரைச் சொல்வதுபோல் வாய் தானே சொல்லிற்று. பிறகு சங்கிலியைத் தலைவழியே கழற்றி நீட்டினாள். "இதை மட்டும் லாக்கர்ல வைக்காத. வெளியில நீலச் சட்டை போட்டு ஒருத்தர் உட்கார்ந்திருப்பார், என் வீட்டுக்காரர், அவர் கையில கொடுத்திரு." "லாக்கர்ல பத்திரமாத்தாம்மா இருக்கும்." "இருக்கும். ஆனா தாலி கட்டினவர் கையிலதான் இருக்கணும்." மகள் பிரிஸ்கில்லாவை வயிற்றை அறுத்து எடுத்த அன்றும் இப்படித்தான் கொடுத்தாள். அவளுடைய அம்மாவும் கண் ஆபரேஷனுக்குப் போனபோது அப்படித்தான் கொடுத்தாள். பெட்டியில் வைத்துப் பூட்டினால் கழற்றியதாக ஆகிவிடும், அவர் கையில் இருந்தால் கழற்றியதாக ஆகாது. இதை எந்தப் போதகர் சொல்லிக்கொடுத்தார், எந்த ஞாயிறு பள்ளியில் படித்தாள், இதற்கு ஆதாரம் எந்த அதிகாரத்தில் இருக்கிறது என்று யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் இதுவும் ஒரு தாயத்துதான் என்று தெரிந்திருக்கும். தெரிந்திருந்தால் லாக்கருக்குள் போயிருக்கும். லாக்கருக்குள் போயிருந்தால் இப்போது அவர் மடியில் அது இருக்காது. விரித்த வேதப்புத்தக வடிவத்தில் செய்த தாலி. அதன் பின்பக்கம், வளையத்தோடு வளையமாக நூலால் இறுக்கிக் கட்டிய, கட்டைவிரல் நகத்தளவு வெள்ளைத் துணிப்பொட்டலம். பொட்டலத்துக்குள் மாதா டாலர்.

அவர் பார்ப்பார். பார்க்காமல் இருக்க அவரால் முடியாது. முப்பத்துநாலு வருஷம் தபால் இலாகாவில் இருந்த மனுஷன். கையில் ஒரு பொருள் வந்தால் திருப்பிப் பார்த்து, எடை பார்த்து, முடிச்சு சரியாக விழுந்திருக்கிறதா என்று சுண்டிப் பார்த்துத்தான் கீழே வைப்பார். கல்யாண அழைப்பிதழைக்கூட உள்ளே வாசிப்பதற்கு முன்னால் உறையின் பின்பக்கம் ஒட்டியது ஒழுங்கா என்று பார்க்கிற கண். வீட்டில் அது அவள் கழுத்தில், சேலைக்குள், அவர் கண்ணுக்கு எட்டாமல் இருந்தது. இந்த ஒரு வருஷமாக அவர் அவள் கழுத்தை அவ்வளவு பக்கத்தில் பார்த்ததில்லை. அது வேறு விஷயம். இப்போது அவர் கையில் அதுவும் நாற்பது நிமிஷமும் இருக்கின்றன. செய்தித்தாள் எடுத்து வந்தாரா? இல்லை, ஆட்டோவில் மறந்து வைத்துவிட்டு, "போ, அதுல ஒண்ணும் இல்ல" என்றார். வேறென்ன செய்வார்? எதிரே தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது, சத்தம் இல்லாமல். அவருக்குச் சத்தமில்லாத தொலைக்காட்சி பிடிக்காது. ஆகவே கையைப் பார்ப்பார். இந்த இடத்தில் யந்திரம் சத்தம் போடத் தொடங்கியது. யாரோ தகரக் கூரைமேல் சுத்தியலால் ஒரே இடத்தில், ஒரே அளவில், பொறுமையாக அடிப்பதுபோல். அந்த அடிக்கு நடுவே நாளை, நாளை, நாளை என்று அவளுக்குள் ஒன்று சேர்ந்து அடித்தது.

நாளைக்குத்தான் அவர் வருகிறேன் என்றிருக்கிறார். திங்கட்கிழமை சாயங்காலம், காப்பியைக் குடித்து முடித்து, தம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டு, சுவரைப் பார்த்துச் சொன்னார்: "வெள்ளிக்கிழமைக்கும் லீவு எழுதிக் கொடுத்திரு. தூத்துக்குடிக்குப் போயிட்டு வந்திருவோம். பிள்ளைக்கு ஒரு வயசு ஆகுதுல்லா." மூன்று வருஷத்துக்கு முன்னால் பிரிஸ்கில்லா ஆர்.சி. கோயிலில், மாதா பீடத்துக்கு முன்னால் மாலை மாற்றிக்கொண்டு கல்யாணம் முடித்த அன்று, கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தவர். இரண்டு பிள்ளை கருவிலேயே போனபோது, "ஜெபம் பண்ணுதேன்னு சொல்லு" என்று மட்டும் சொன்னவர். மூன்றாவது, ஏழாம் மாதத்தில், தொள்ளாயிரம் கிராமில், போன வருஷம் செப்டம்பர் எட்டாம் தேதி பிறந்தபோது, "அவங்க மாதா பொறந்த நாளாக்கும், அன்னைக்குன்னு பார்த்து" என்று சொல்லிவிட்டுச் செடிக்குத் தண்ணீர் ஊற்றப் போனவர். பிள்ளைக்கு மரிய ஷைனி என்று பேர் வைத்தார்கள். அந்த வீட்டில் மரியா என்று கூப்பிடுகிறார்கள். இந்த வீட்டில் 'பிள்ளை' என்றுதான் பேச்சு. ஒரு வருஷமாகப் பேரைச் சொல்லாமலே ஒரு மனுஷியைப் பற்றிப் பேசிவிடலாம் என்று ஹெப்சிபா கண்டுகொண்டிருக்கிறாள். திங்கட்கிழமை அவர் இன்னொன்றும் சொன்னார். "அந்த வீட்டுல மாலை, மெழுகுதிரி, அந்தப் பாட்டு, ஒண்ணும் என் முன்னால வேண்டாம்னு உன் மகட்ட சொல்லிரு. நான் பிள்ளையைப் பார்க்கத்தான் வாறேன். பார்த்துட்டு வந்திருவேன்." போனில் பிரிஸ்கில்லா அழுதாள். "எடுத்து உள்ள வச்சிருதேம்மா, எல்லாத்தையும் எடுத்து வச்சிருதேன், அப்பா வந்தாப் போதும்" என்றாள். மகள் தன் வீட்டு முன்னறையை அப்பாவுக்காகக் காலி செய்துகொண்டிருக்கிறாள். அம்மா அதையே கழுத்தில் மாட்டி அப்பாவின் கையில் அனுப்பிவிட்டு வந்து படுத்திருக்கிறாள். பார்த்துவிட்டால் அவர் வரமாட்டார். கத்த மாட்டார், அவர் கத்துகிற ஆள் இல்லை. வரமாட்டார், அவ்வளவுதான். அப்புறம் இரண்டாவது பிறந்தநாள், ஐந்தாவது பிறந்தநாள், பிள்ளை பூப்பெய்துகிற நாள் என்று எல்லாம் போய்விடும்.

அவரைக் கெட்டவர் என்று சொன்னால் அவளுக்கே நாக்கு ஒட்டாது. அவருக்கு அந்த அம்மாள் மேல் பகை கிடையாது. "மரியாளை நான் மதிக்கேன். மதிக்கிறது வேற, கும்பிடுறது வேற" என்பார். அதற்கு அவர் வைத்திருக்கிற உதாரணம் சபை முழுக்கப் பிரசித்தம். "ஒரு நல்ல சேதி நம்ம வீட்டுக்குத் தபால்ல வருது. வாசிக்கோம், சந்தோஷப்படுதோம். அதுக்காகத் தபால்காரனை நடுவீட்டுல நிறுத்தி மாலை போட்டு, அவன் முன்னால முழங்கால் போடுவமா? நான் முப்பது வருஷமா தபால் ஆபீஸ்ல இருக்கேன், எனக்கு ஒருத்தனும் மாலை போட்டதில்ல." எல்லாரும் சிரிப்பார்கள். ஹெப்சிபாவும் சிரித்திருக்கிறாள். ஒருநாள் ஆஸ்பத்திரி பெஞ்சில், பேச்சுவாக்கில், மாப்பிள்ளையின் தாயார் அமலோற்பவம் அம்மாளிடம் இதைச் சொல்லியும்விட்டாள். அமலோற்பவம் அம்மாள் கோபித்துக்கொள்ளவில்லை, வாயில் கிடந்த வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, "ஏன் மதினி, அண்ணாச்சி சொல்லுத தபால்காரர் அந்தத் தபாலை ஒம்பது மாசம் வயித்துலயா சுமந்துக்கிட்டு வந்தாரு?" என்று கேட்டாள். அப்போதும் ஹெப்சிபாவுக்குச் சிரிப்பு வந்தது. இப்போது, கூண்டுக்குள், அந்தச் சிரிப்பு மூக்கு நுனிவரை வந்து நின்றது. சிரித்தால் தலை அசையும். தலை அசைந்தால் படம் கலையும். கூண்டின் மேல் சாய்வாக ஒரு சிறு கண்ணாடி பொருத்தியிருந்தார்கள். அதில் அவளுடைய பாதங்கள் தெரிந்தன, வேறு யாருடையவோபோல், மெட்டி கழற்றிய விரல்களில் இரண்டு வெள்ளைத் தடங்களோடு.

பேசக் கூடாது, அசையக் கூடாது, பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்பது அவளுக்குப் பழக்கமில்லாததல்ல. பதினோரு வயதில் கிறிஸ்துமஸ் நாடகத்தில் அவள்தான் மரியாள். அப்பா அந்த ஊர்ச் சபையின் உபதேசியார். நாடகம் எழுதி, ஆள் சேர்த்து, பஞ்சில் தாடி ஒட்டி, எல்லாம் அவர்தான். ஏரோதுக்கு வசனம் உண்டு. மேய்ப்பருக்கு உண்டு. சத்திரக்காரன் ஒரு பக்கம் பேசுவான். ஆட்டுக்குட்டியாக வந்த சின்னப்பயல்கூடக் கத்துவான். "அப்பா, எனக்கு என்ன வசனம்?" என்று கேட்டபோது, "மரியாளுக்குப் பேச்சு கிடையாது, தாயி. குனிஞ்சு பிள்ளையைப் பார்த்துக்கிட்டே இரு. நிமிரக் கூடாது" என்றார். அரை மணி நேரம் நீலச் சேலையில் முக்காடிட்டுக் குனிந்தே இருந்தாள். கழுத்து வலித்தது. பார்க்கப் பார்க்க, அந்த ரப்பர் பொம்மை மூச்சு விடுவதுபோலக்கூட இருந்தது. நாடகம் முடிந்ததும் பொம்மைக்குச் சொந்தக்காரி வந்து அதன் ஒரு காலைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு போனாள், ஹெப்சிபா அழுதாள், ஏன் அழுகிறாய் என்று கேட்டதற்கு அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. நீலச் சேலை பஞ்சுத் தாடிகளோடு பெட்டிக்குள் போயிற்று. அவர்களுடைய சபையில் மரியாள் டிசம்பரில் ஒரு வாரம் வருவாள், பிறகு பெட்டிக்குள் போய்விடுவாள். இல்லை, அதுவும் முழு உண்மையில்லை. ஞாயிறுதோறும் விசுவாசப் பிரமாணத்தில் சபை முழுவதும் எழுந்து நின்று அவள் பேரை ஒரு தரம் சொல்கிறது. அதில் மனுஷர் பேர் இரண்டுதான் வரும்: பெற்றவள் பேர் ஒன்று, சாகக் கொடுத்த அதிகாரி பிலாத்துவின் பேர் ஒன்று. அப்புறம் பெரிய வெள்ளிக்கிழமை மும்மணி ஆராதனை. சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைக்கு ஏழு பேர் பேசுவார்கள். மூன்றாம் வார்த்தை, தாயைச் சீஷனிடத்தில் ஒப்படைக்கிற வார்த்தை, பத்து வருஷமாக அவள் வீட்டுக்காரருக்குத்தான். ஒப்படைக்கப்பட்ட பொருளைப் பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்க்கிற பொறுப்பு என்று பதினைந்து நிமிஷம், கடிகாரம் பார்த்தாற்போல் பேசி இறங்குவார். இந்த வருஷம் அவர் பேசிக்கொண்டிருந்தபோது, நாலாவது பெஞ்சில், ஹெப்சிபாவுக்கு ஒரு கேள்வி வந்தது: உனக்குப் போகச் சம்மதமா என்று அந்த அம்மாளிடம் யாராவது கேட்டார்களா? கேள்வி வந்த கையோடு இடது கண்ணுக்குள் ஒரு வெளிச்சம் சுழன்றது. பெஞ்சைப் பிடித்துக்கொண்டாள். தலைசுற்றல் அன்றைக்குத்தான் முதல் தடவை. அதைத்தான் டாக்டரிடம் அவள் சொல்லவில்லை. மூன்று வாரமாக என்று சொன்னாள். சாக்பீஸ் விரலிலிருந்து நழுவுவது மூன்று வாரமாகத்தான், அது பொய்யில்லை.

"அம்மா, பாதி முடிஞ்சிருச்சு. நல்லா ஒத்துழைக்கீங்க. அடுத்து கொஞ்சம் சத்தம் கூட வரும்." குரல் எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல், தலைக்குப் பின்னால் இருந்தும் காலுக்குக் கீழிருந்தும் வந்தது. பாதி என்றால் இருபது நிமிஷம். இருபது நிமிஷத்தில் ஒரு நூல் முடிச்சை அவிழ்த்துவிடலாம். இப்போதே பந்தை அமுக்கினால்? கதவு திறக்கும், படுக்கை வெளியே வரும், "என்னம்மா செய்யுது" என்பாள். "அவரைக் கொஞ்சம் பார்க்கணும்." "எதுக்கும்மா?" எதுக்கு? அவர் கையில் இருக்கிறதை வாங்க வேண்டும். அதற்கப்புறம் மறுபடி முதலிலிருந்து நாற்பது நிமிஷம், மறுபடி இந்தக் கூண்டு. அவர் எழுந்து வருவார், முகம் வெளுத்து, "என்ன ஹெப்சி, என்ன செய்யுது" என்று, சங்கிலியை இறுக்கிப் பிடித்த கையோடு. வேண்டாம். விரல்கள் பந்தின் மேல் வியர்த்தன. அமுக்கவில்லை. ஒருவேளை பார்த்திருக்கமாட்டார். சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கண்ணை மூடி ஜெபம் செய்துகொண்டிருப்பார். செய்வார்தான், மனைவியின் மூளைக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்கிற நாளில் செய்யாமல் இருப்பாரா? சங்கிலியைக் கையில் வைத்துக்கொண்டே செய்வார். கையில் வைத்தால் விரல் அதை உருட்டும். உருட்டினால் பொட்டலம் தட்டுப்படும். யந்திரம் இப்போது வேறு சத்தம் போட்டது, மரம் அறுக்கிற மில்லைப் போல, பற்கள்வரை நடுங்கும்படி.

அவள் சொன்னது ஒரே ஒரு வாக்கியம்தான். அதை அவள் பல தடவை எடுத்துப் பார்த்திருக்கிறாள். பச்சைப்பிள்ளை வார்டில், கண்ணாடிப் பெட்டிக்குள், மூக்கில் குழாயும் காலில் ஊசியுமாகப் பிள்ளை கிடந்த மூன்றாம் நாள். இருபத்துநாலு மணி நேரம் தாண்டுமா என்று தெரியாது என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போன மத்தியானம். பிரிஸ்கில்லா மாடியில் தையலோடு கிடந்தாள். வெளியே பெஞ்சில் சம்பந்திகள் இரண்டு பேர். அமலோற்பவம் அம்மாள் தன் ஜெபமாலையிலிருந்து டாலரை நகத்தால் நெம்பிக் கழற்றி அவள் உள்ளங்கையில் வைத்து மூடினாள். "எனக்குத் தெரியும் மதினி, நீங்க வைக்க மாட்டியன்னு. சும்மா பிடிச்சுக்கிட்டாவது இருங்க." ஹெப்சிபா ஜெபம் பண்ணத்தான் பார்த்தாள். பிதாவே என்று தொடங்கினாள். தொடங்கியது அவள் குரலில் இல்லை. அவர் குரல். முப்பது வருஷக் குடும்ப ஜெபம் அவர் குரலில் நடந்தது, அதற்கு முன்னால் இருபத்துமூன்று வருஷம் அப்பாவின் குரலில். உள்ளே தேடத் தேட ஆண்குரலாகவே வந்தது, நல்ல, கனமான, எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரிந்த குரல்கள். அவற்றுக்குப் பிரசவ வார்டின் வாசல் தெரியாது. அப்போது அவள் கையைத் திறந்து அந்தச் சின்ன உலோகத்தைப் பார்த்துச் சொன்னாள்: நீங்களும் பெத்தவங்கதானே. அவ்வளவுதான். மேலே ஒன்றும் கேட்கவில்லை. பிழைக்க வையுங்கள் என்று சொல்லவில்லை. மாதா என்று கூப்பிடவில்லை. அந்தச் சொல் அவள் நாக்கில் ஏறியதே இல்லை. ஆமென் சொல்லவில்லை. ஜெபம் என்றால் ஆமென் வேண்டும். ஆமென் இல்லாதது பேச்சுதான். பெஞ்சில் பக்கத்தில் இருக்கிற ஒரு பொம்பளையிடம் இன்னொரு பொம்பளை பேசுவது. அது விக்கிரக ஆராதனை ஆகாது. ஆகாது என்றால் அதைத் துணியில் தைத்துக் கழுத்தில் கட்டுவானேன்? இந்த இடத்தில்தான் ஒவ்வொரு தடவையும் நூல் சிக்கும். பிள்ளை பிழைத்துவிட்டது. டாக்டர் நல்ல டாக்டர், மருந்து நல்ல மருந்து, சபையில் உபவாச ஜெபம்கூட நடந்தது, அவர்தான் ஏற்பாடு செய்தார், பேரைச் சொல்லாமல். எதனால் பிழைத்தது என்று யாரால் பிரித்துச் சொல்ல முடியும்? பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு அவள் அறிவியல் நடத்துகிறாள்; ஒன்றுக்குப் பின் ஒன்று நடந்ததனாலேயே முன்னதால் பின்னது நடந்ததாக ஆகாது என்று கரும்பலகையில் எழுதிப்போட்டுச் சொல்லியிருக்கிறாள். அதை நம்பித்தான், பெரிய வெள்ளிக்கு முந்திய தபசு நாட்களில், ஒரு சனிக்கிழமை, பொட்டலத்தைக் கத்தரித்து எடுத்து ஊசிநூல் டப்பாவில் போட்டாள். மறுநாள் மத்தியானம் போன் வந்தது: பிள்ளைக்கு நூற்றுமூன்று டிகிரி காய்ச்சல். ஹெப்சிபா போனை வைத்துவிட்டு, கதவைத் தாழ்ப்பாள் போட்டு, நின்றபடியே அதைத் திரும்பக் கட்டினாள். ஊசி குத்தி இரத்தம் வந்தது. அன்றிலிருந்து கழற்றவும் முடியவில்லை, வைத்திருக்கவும் முடியவில்லை. வைத்திருந்தால் அவளுக்குத் தலை சுற்றுகிறது, கழற்றினால் பிள்ளைக்குக் காய்ச்சல் வருகிறது என்று, படிக்காத ஒருத்தி சொன்னால் அவள் திருத்துகிற கணக்கையே, நல்ல கையெழுத்தில், மனதுக்குள் எழுதி வைத்திருக்கிறாள். ஆண்டவர் அப்படிப்பட்டவரா? தாயைப் பார்த்துப் பேசினாள் என்பதற்காக ஒரு தாயின் மண்டைக்குள் கட்டி வைப்பவரா? இல்லை. இல்லை என்று அவளுக்குத் தெரியும். அப்படியென்றால் டாலரும் காய்ச்சலை நிறுத்துவதில்லை. அதுவும் தெரியும். இரண்டும் தெரிந்தவளுக்கு ஏன் கழுத்து இப்படிக் குளிர்கிறது?

பொய்கள் வரிசையாக வந்தன. பிரிஸ்கில்லாவுடையது, பத்திரமாக வைக்கக் கொடுத்தாள். தங்கக் காசு, பிள்ளைக்காக வாங்கி ஒளித்து வைத்தேன். யாரோ டீச்சர் கட்டிவிட்டார்கள், உள்ளே என்ன என்றே தெரியாது. ஒவ்வொன்றையும் அவர் முகத்தின் முன்னால் வைத்துப் பார்த்தாள். அவர் நம்புவார், அதுதான் பயமாக இருந்தது. அவர் அவளை ஒரு நாளும் சந்தேகப்பட்டதில்லை. நம்பிவிட்டு, "சரி, நாளைக்குப் போகையில கொடுத்திரு" என்பார். பிறகு அவர் வருவார், பிள்ளையைப் பார்ப்பார், எல்லாம் நடக்கும், அவள் மட்டும் இந்தக் குழாய்க்குள்ளேயே கிடப்பாள். சத்தம் சட்டென்று நின்றது. காதுக்குள் அது இன்னும் கொஞ்ச நேரம் ஓடியது. படுக்கை நகர்ந்தது, வெளிச்சம் நெற்றியில் பட்டது, அந்தப் பெண் கூண்டைக் கழற்றி, "அவ்வளவுதாம்மா. பயந்துட்டியளோ? கையெல்லாம் தண்ணியா இருக்கு" என்று சொல்லிப் பந்தை வாங்கிக்கொண்டாள்.

ஞானராஜ் அதே நாற்காலியில், அதே நீலச் சட்டையில் இருந்தார். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றியிருந்தார். பொடி எழுத்தும் நுண்ணிய பொருளும் பார்க்கும்போது மட்டும் அவர் செய்கிற காரியம் அது. வலது கை மூடியிருந்தது. ஹெப்சிபா பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். "தலை சுத்துதா?" என்றார். "இல்ல." "ரிப்போர்ட் நாளைக்குச் சாயங்காலம் அஞ்சு மணிக்குத்தானாம். பெரிய டாக்டர் பார்த்துக் கையெழுத்துப் போடணுமாம்." "சரி." அவர் கையைத் திறந்தார். தாலி இருந்தது. அதன் பின்னால் டாலர், துணியில்லாமல், வெறுமையாக, முக்காட்டுத் தலையும் விரித்த கைகளுமாக. நூல் புதிதாக முடியப்பட்டிருந்தது. பார்சலுக்குப் போடுகிற இரட்டை முடிச்சு. "துணி கிழிஞ்சு போச்சு. பழைய துணி போல இருக்கு" என்றார். அவள் தேடி வைத்த பொய்களில் ஒன்றும் வாய்க்கு வரவில்லை. "எப்ப இருந்து?" "பிள்ளை பொறந்த மூணாம் நாள்ல இருந்து." "அந்த அம்மா கொடுத்தாங்களா?" "அவங்க கொடுத்தாங்க. நான்தான் வாங்கினேன். நான்தான் கட்டினேன்." அவர் தலையை ஆட்டினார். கண்ணாடிக் கதவில் புழுதி மோதி விழுந்தது. அந்தத் தபால்காரர் உதாரணம் இப்போது வரும், அதற்கடுத்து நாளைக்கு நான் வரவில்லை என்பது வரும் என்று ஹெப்சிபா காத்திருந்தாள். வந்துவிட்டால் நல்லது என்றுகூட இருந்தது. அவர் சங்கிலியை நீட்டினார். அது முழுக்க அவருடைய வியர்வையாக இருந்தது. "போட்டுக்க" என்றார். "இதோடயா?" "ரிப்போர்ட் வரட்டும். அதுவரைக்கும் கெடக்கட்டும். அதுக்கப்புறம் பேசிக்கிடலாம்." "நாளைக்கு..." "நாளைக்கு என்ன நாளைக்கு? ஒம்பது மணி பஸ்சுக்குப் போகணும், சீக்கிரம் எந்திரி." குரல் மட்டும் அவருடையதாக இல்லை. நாற்பது நிமிஷம் ஒரு பொருளைக் கையில் வைத்துக்கொண்டு, எறியலாமா வேண்டாமா என்று பார்த்து, எறிந்த பிறகு ஏதாவது ஆகிவிட்டால் என்ன செய்வது என்று எண்ணிப்போன ஓர் ஆளின் குரல். ஹெப்சிபாவுக்கு அந்தக் குரலை நன்றாகத் தெரியும். திட்டியிருந்தால் அவள் எழுந்து வெளியே போயிருப்பாள். திட்டுக்கு ஒரு வாசல் உண்டு. இப்போது அவர் நகர்ந்து, அவளுக்குப் பக்கத்தில், அவள் இருந்த இடத்துக்குள்ளேயே வந்து உட்கார்ந்துவிட்டார். அவள் சங்கிலியைத் தலைவழியே போட்டுக்கொண்டாள்.

மறுநாள் காலை பிரிஸ்கில்லா ஐந்து மணிக்கு எழுந்து, முன்னறையில் இருந்த மாதா சுரூபத்தைத் துண்டில் சுற்றிப் பீரோவுக்குள் வைத்தாள். ஐந்தரை மணிப் பூசைக்குப் போய்த் திரும்பிய அமலோற்பவம் அம்மாள் காலியான இடத்தைப் பார்த்தாள். வாங்கி வந்த பூவை ஃபிரிட்ஜுக்குள் வைத்துவிட்டுச் சமையலுக்குப் போனாள். மாப்பிள்ளை சேவியோ கேக் வாங்கிக் கொடுத்துவிட்டு, பஸ் வருவதற்கு முக்கால் மணி முன்னாலேயே போய் நின்றான். பாளையங்கோட்டையில் ஞானராஜ் வழக்கம்போல் குடும்ப ஜெபம் நடத்தினார்; பேராயருக்காகவும் மழைக்காகவும் மகள் வீட்டாருக்காகவும் பேர் சொல்லி ஜெபித்தார்; ரிப்போர்ட்டைப் பற்றிப் பேசவில்லை. பஸ்சில் இருவரும் ஒரே இருக்கையில் உட்கார்ந்து வந்தார்கள். பத்தரை மணிக்கு அந்த வீட்டு முன்னறையில் அவர் காப்பித் தம்ளரோடு உட்கார்ந்திருந்தபோது, ஹெப்சிபாவின் மடியிலிருந்த பிள்ளை அவள் கழுத்துச் சங்கிலியைப் பற்றி வெளியே இழுத்து, டாலரை வாயில் வைத்துக்கொண்டது. அமலோற்பவம் அம்மாள் கரண்டியோடு அடுக்களை வாசலில் நின்றுவிட்டாள். பிரிஸ்கில்லா அப்பாவைப் பார்த்தாள். "பிள்ளை வாயில வைக்குது பாரு, முழுங்கிரப் போகுது" என்று சொல்லிக்கொண்டே ஞானராஜ் எழுந்து வந்து, பேத்தியை முதல் தடவையாகத் தொட்டார். மூடிய விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, எச்சில் வழிந்த டாலரைக் கைக்குட்டையால் துடைத்து, ஹெப்சிபா வாங்கிச் சேலைக்குள் செருகிக்கொள்ளும்வரை அதைக் கையிலேயே பிடித்திருந்தார். பிறகு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். ரிப்போர்ட்டுக்கு ஐந்து மணி ஆக வேண்டும்; பத்தே முக்கால்தான் ஆகியிருந்தது.